நீச்சல்: தெரியாது

காவலர் வீரவணக்க நாளுக்குப் பெயர் கேட்டிருந்தார்கள்,
பழைய பெயர் இருந்தாலும் பரவாயில்லை என்று.
ஸ்டேஷன் ரைட்டர் நான், பீரோவைத் திறந்தேன்.
கரையானும் கடற்காற்றும் தின்ற மிச்சத்தில்
ஏட்டு சஞ்சீவி, எண் 1126,
சொந்த ஊர் வாலாஜா,
உயரம் ஐந்தடி ஏழு,
நீச்சல்: தெரியாது.

நாற்பத்திரண்டு, சித்திரை.
ஜப்பான்காரன் வருகிறான் என்று
பட்டணம் மூட்டை கட்டி ரயிலேறிவிட்டது.
ராயபுரத்தில் வீட்டுக்கு வீடு பூட்டு,
பூட்டுகளுக்குக் காவல் சஞ்சீவி.
காசிமேட்டுக் குப்பம் மட்டும் போகவில்லை.
கடலை எந்தத் துணியில் முடிவது?

நல்ல மனிதர் என்று எழுத எனக்கும் ஆசைதான்.
அதே பதிவேட்டில் ஒரு மொட்டைக் கடிதம்:
கூடைக்கு இரண்டு வவ்வால் மீன் மாமூல்.
அடுத்த பக்கத்தில் இன்னொரு புகார்:
விளக்குக்குக் கறுப்புத்தாள் ஒட்டவில்லையென்று
வலைக்காரர் தேசப்பனின் முழங்காலை
லத்தியால் பெயர்த்தது.
விசாரணை இல்லை. கையெழுத்து இருக்கிறது.

அந்தத் தேசப்பன் வலையில்தான் சிக்கியது
கொம்பு முளைத்த இரும்புப் பானை.
பழைய இரும்புக்குப் போட்டால் மூன்று ரூபாய் தேறுமென்று
மணலில் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஏட்டு பார்த்தார். விசில் ஊதினார்.
சுற்றிக் கயிறு கட்டி
பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய பாக்கெட் நோட்டு, பென்சிலில்:

காலை 7. ராணுவத்துக்கு டெலிபோன். எடுக்க ஆளில்லை.
பகல் 1. பிள்ளைகள் கல் எறிகிறார்கள். விரட்டினேன்.
மாலை 5. கொம்பில் காகம்.
விரட்டலாமா கூடாதா தெரியவில்லை.
இரவு. நாய்.
இரண்டாம் நாள். துரை சென்ட்ரலில் இருக்கிறாராம்,
பெட்டிகளுக்குக் காவல்.
தேசப்பன் பெண்சாதி கஞ்சி வைத்துவிட்டு
எட்டிப் போய் நின்றாள். காசு வாங்கவில்லை.
மூன்றாம் நாள். பௌர்ணமி. அலை

அதற்குப் பிறகு பென்சில் இல்லை.
தேசப்பனின் வாக்குமூலம்தான்,
யாரோ கேட்டபடியே எழுதியிருக்கிறார்கள்:

"தண்ணி ஏறிச்சு சாமி. பானை மெதந்துச்சு.
குடிசைப் பக்கமா ஆடிக்கினே வந்துச்சு.
ஏட்டையா நோட்டை எங்கையில குடுத்தாரு,
கயித்தை அவுத்து அதும்மேல சுருக்குப் போட்டாரு.
உனுக்கு நீச்சத் தெரியாதே, குடு நான் இழுக்குறேன்னேன்.
என் முட்டியப் பாத்தாரு.
ஒண்ணும் பேசல.
மாட்டை ஓட்டிக்கினு போறாப்பல
மெதுவா உள்ள கூட்டிக்கினு போனாரு.
கழுத்துத் தண்ணி வரைக்கும்
தலைப்பா செவப்பாத் தெரிஞ்சுது, நல்ல நெலா.
அப்பால வெளிச்சம்.
சத்தம் அதுக்கப்புறந்தான்."

இடதுகைப் பெருவிரல் ரேகை.

அடுத்த தாள் கணக்குப் பிரிவு.
லத்தி ஒன்று, பெல்ட் ஒன்று, விசில் ஒன்று,
அரசு உடைமை இழப்பு இரண்டு ரூபாய் ஆறணா,
கடைசிச் சம்பளத்தில் பிடித்தம்.
மீதியைப் பெற்றுக்கொண்டவர் மனைவி பாப்பம்மாள்.
அதுவும் ரேகைதான், சற்றே வழுக்கியது.

பதக்கப் பரிந்துரை தள்ளுபடி.
ஏனென்றால், துறைமுகத்தைக் காக்க
நம்மவர்களே கடலில் விட்ட குண்டு அது,
எதிரியுடையது அல்ல.
நம்மவர்கள் என்ற சொல்லில்
எழுதியவன் பேனா ஒருகணம் நின்றிருக்கிறது.
அந்த இடத்தில் மட்டும் மை பெரிதாக ஊறியிருக்கிறது.

உடல் கிடைக்கவில்லை. மூலகொத்தளத்தில் குழி இல்லை.
குப்பத்தில் இருபத்தொன்பது குடிசை,
அதைக் கணக்குப் பிரிவு கணக்கெடுக்கவில்லை.
நான்தான் வாக்குமூலங்களில் பெயர்களை எண்ணினேன்.

படிவத்தில் 'இறப்பின் காரணம்' என்ற கட்டம்
விரலகலம்கூட இல்லை.
'முட்டி' என்று எழுதினேன்.
இன்ஸ்பெக்டர் கேட்பார் என்று அடித்துவிட்டு
'பணி' என்று எழுதினேன்.
அடித்தது தெரிகிறது.
வேறு படிவம் இருக்கிறது, எடுக்கவில்லை.